20 மீட்டரில் பிறந்த காகிதம்

காரிமங்கலத்து மாம்பழம் லண்டனுக்குப் போகட்டும், ஓசூர்ப் பசுமைக்குடிலில் பூத்த ரோஜா ஐரோப்பாவுக்குப் போகட்டும், சரக்கோடு ஒரு காகிதம் கூடவே போயாக வேண்டும். அரசு ஏட்டில் அதற்குத் தாவர நலச் சான்று என்று பெயர். ஏற்றுமதி செய்பவர்களும் கிளியரிங் ஏஜென்டுகளும் 'ஃபைட்டோ' என்பார்கள். "ஃபைட்டோ வந்தாச்சா?" என்ற கேள்விக்கு "வந்தாச்சு" என்ற பதில் கிடைக்கிற வரை சரக்கு நகராது.

அனுப்புபவர் பெயர், வாங்குபவர் பெயர், எத்தனை பெட்டி, பெட்டியின் மேல் என்ன அடையாளம், எந்த ஊரில் விளைந்தது, எந்த வாசல் வழியாக அந்த நாட்டுக்குள் நுழையும், தாவரவியல் பெயர் என்ன என்று வரிசையாகக் கட்டங்கள். புகை மூட்டமோ வெந்நீர்ச் சிகிச்சையோ கொடுத்திருந்தால் எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், எந்தத் தேதி என்பதற்குத் தனிக் கட்டம். அடியில் முத்திரையும் கையெழுத்தும். அந்தக் கையெழுத்தைப் போட அரசு அதிகாரம் பெற்ற, பயிர்ப் பாதுகாப்பு படித்த அலுவலரால் மட்டுமே முடியும். இந்தியா என்ற நாடு இன்னொரு நாட்டுக்குக் கொடுக்கிற வாக்கு அது. 'உங்கள் மண்ணுக்கு ஆகாத பூச்சியோ நோயோ இந்தப் பெட்டியில் இல்லை' என்பதுதான் அந்த வாக்கின் சாரம்.

இப்படி ஒரு வாக்கை ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் கேட்கும் நிலை எப்படி வந்தது? அதற்கு பிரான்சின் திராட்சைத் தோட்டங்களுக்குப் போக வேண்டும்.

1860-களில் தெற்கு பிரான்சில் திராட்சைக் கொடிகள் காரணம் தெரியாமல் காய்ந்தன. முதல் ஆண்டு இலை மஞ்சளாகும். அடுத்த ஆண்டு காய் சிறுக்கும். அதற்கடுத்த ஆண்டு கொடியே பட்டுப்போகும். ஒரு தோட்டத்தில் ஒரு திட்டாகத் தொடங்கி, வட்டம் போட்டுப் பரவும். 1868 ஜூலையில் மோன்பெல்லியே நகரத்துத் தாவரவியலாளர் பிளான்ஷோனும் அவரோடு இருவரும் ஒரு தோட்டத்துக்குப் போய்ப் பட்டுப்போன கொடிகளைப் பிடுங்கிப் பார்த்தார்கள். வேர் அழுகியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. பிறகுதான் பக்கத்தில் நலமாகத் தெரிந்த ஒரு கொடியைத் தோண்டினார்கள். பூதக்கண்ணாடியில் வேர் முழுக்க மஞ்சள் நிறப் புள்ளிகள். அத்தனையும் உயிருள்ள பூச்சிகள், சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தன. கொடி செத்ததும் அவை அடுத்த கொடியின் வேருக்குப் போய்விடுகின்றன. செத்த செடியில் தேடியவர்களுக்கு அகப்படாதது அதனால்தான்.

இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த இடம். நோய்வாய்ப்பட்டது கண்ணுக்குத் தெரியும், அதை யாரும் வாங்க மாட்டார்கள். ஆபத்து இருப்பது நலமாகத் தெரிவதில். தாவர நலச் சான்று என்ற ஏற்பாடு முழுவதும் அன்றைக்கு அந்தக் கொடியின் வேரில் கண்ட உண்மையின் மேல்தான் நிற்கிறது.

ஃபில்லாக்ஸரா என்ற அந்தப் பூச்சி வட அமெரிக்காவைச் சேர்ந்தது. அங்கிருந்து அலங்காரத்துக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் கொண்டுவந்த திராட்சைக் கன்றுகளின் வேரில் ஒட்டிக்கொண்டு கடல் தாண்டியது. பாய்மரக் கப்பல் காலத்தில் பயணம் நீளும், பூச்சி வழியிலேயே மடிந்துவிடும். நீராவிக் கப்பல் பயண நாட்களைச் சுருக்கியது, பூச்சியும் பிழைத்துக்கொண்டது. அமெரிக்கக் கொடிகளுக்கு அதோடு பழகிய பழக்கம் உண்டு, தாங்கிக்கொள்ளும். ஐரோப்பியக் கொடிக்கு அது புது எதிரி. கடைசியில் அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் ஒயின் தொழில் உயிர் பிழைத்தது.

பக்கத்து நாடுகள் பயந்தன. எல்லையை அடைத்தால் நாற்றுப் பண்ணை வியாபாரம் படுத்துவிடும், திறந்துவிட்டால் தோட்டம் போய்விடும். இந்த இழுபறியில்தான் 1878-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் சில ஐரோப்பிய நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. 1881-ல் அதைத் திருத்தி எழுதின. திராட்சை அல்லாத செடிகள் எல்லை தாண்டலாம், ஆனால் அனுப்புபவரின் உறுதிமொழியும் விளைந்த நாட்டு அதிகாரியின் சான்றும் கூடவே வர வேண்டும். அந்தச் சான்று என்ன சொல்ல வேண்டும்? இந்தச் செடிகள் வளர்ந்த நிலத்துக்கும் அருகிலுள்ள எந்தத் திராட்சைக் கொடிக்கும் நடுவே குறைந்தது 20 மீட்டர் இடைவெளி இருக்கிறது, அல்லது வேர் கடக்க முடியாத தடுப்பு இருக்கிறது. அந்த நிலத்தில் திராட்சை இல்லை. முன்பு நோய் கண்ட கொடி இருந்திருந்தால் அதை வேரோடு எடுத்து, மருந்திட்டு, மூன்று ஆண்டு கண்காணித்தாயிற்று.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அந்தச் சான்று பெரிதாகப் பேசவில்லை. நிலத்தைப் பற்றிப் பேசியது. எங்கே விளைந்தது, பக்கத்தில் என்ன இருந்தது, எத்தனை ஆண்டாகப் பார்த்து வருகிறோம் என்று கேட்டது. ஓர் அதிகாரி தோட்டத்துக்கு நடந்து போய் வேலியோரம் நின்று அளந்தால் ஒழிய அதில் கையெழுத்துப் போட முடியாது. இன்றைய ஃபைட்டோ பிறந்த இடம் அது.

பிரான்சு பதறிய அதே காலத்தில் தமிழர் வாழ்வில் நேராகக் கைவைத்த இன்னோர் அழிவும் நடந்தது. 1869-ல் இலங்கையின் மடுல்சீமைப் பகுதியில் காப்பி இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறத் தூள் தென்பட்டது. காப்பி இலைத் துரு என்ற பூசணம். ஆரம்பத்தில் துரைமார்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மார்ஷல் வார்டு என்ற இளம் ஆராய்ச்சியாளர் 1880-ல் வந்து காரணத்தை விளக்குவதற்குள் தோட்டங்கள் கையை விட்டுப் போயிருந்தன. காப்பி இருந்த மலையில் தேயிலை ஏறியது. காப்பிக்காலத்தில் சேலம், திருச்சி, மதுரைச் சீமைகளிலிருந்து பருவத்துக்குப் போய்ப் பருவத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த கூலிக் குடும்பங்கள், ஆண்டு முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலையில் அங்கேயே தங்கிவிட்டன. மலையகத் தமிழர் என்ற சமூகம் உருவானதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூசணத்துக்கும் பங்கு உண்டு. அந்தத் துரு அடுத்த சில ஆண்டுகளில் தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது.

செடிகள் ஊர் விட்டு ஊர் போவது புதிதல்ல. தகடூர் என்ற பழைய பெயர் கொண்ட தருமபுரிக்கு அது நன்றாகவே தெரியும். அதியமானின் முன்னோர் கரும்பை வேற்றிடத்திலிருந்து இங்கே கொண்டுவந்தார்கள் என்று புறநானூற்றில் ஔவையார் புகழ்கிறார். ஒரு பயிரைக் கொண்டுவருவது ஓர் அரச குலத்தின் பெருமையாகப் பாடப்படும் அளவுக்குப் பெரிய காரியம். இன்றைய தருமபுரி வயலைப் பாருங்கள். பாலக்கோட்டுத் தக்காளி, பென்னாகரம் பக்கத்து நிலக்கடலை, அரூர்ப் பக்கத்துக் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, மிளகாய், பப்பாளி எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து சில நூறு ஆண்டுகளுக்குள் வந்தவை. வந்தபோது அவற்றின் எதிரிகளில் பெரும்பாலானவை அங்கேயே தங்கிவிட்டன. புது மண்ணில் அந்தப் பயிர்கள் செழித்ததற்கு அதுவும் ஒரு காரணம். விட்டுவந்த எதிரிகள் இப்போது ஒவ்வொன்றாக வந்து சேருகின்றன. 2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி. 2014-ல் மகாராஷ்டிரத்தில் தக்காளி ஊசிப்புழு, பிறகு தெற்கே. 2020-ல் கேரளத்தில் மரவள்ளி மாவுப்பூச்சி, பிறகு நாமக்கல், சேலம், தருமபுரி. இதற்கு மீண்டும் வருகிறேன்.

இந்தியாவில் சட்டம் வந்தது 1914 பிப்ரவரி 3-ல். அழிவுப் பூச்சிகள் மற்றும் பயிர் நோய்கள் பற்றிய மத்தியச் சட்டம் அது. அமெரிக்கப் பருத்தியை நாசமாக்கிக்கொண்டிருந்த காய்க் கூன்வண்டு இங்கே வந்துவிடுமோ என்ற பயம் அதன் பின்னால் இருந்த காரணங்களில் ஒன்று. ஐந்து ஆண்டு கழித்து, 1919-ல், மெட்ராஸ் மாகாணம் தனக்கென ஒரு சட்டம் செய்தது. மாகாணத்துக்குள்ளேயே பூச்சியும் நோயும் பரவாமல் தடுக்க இந்தியாவில் வந்த முதல் சட்டம் அதுதான். தருமபுரி அன்றைக்குச் சேலம் ஜில்லாவில் ஒரு பகுதி. 'உன் நிலத்துப் பூச்சி உன் சொந்த விஷயம் அல்ல, பக்கத்து நிலத்துக்காரனுக்கும் அதில் பாத்தியதை உண்டு' என்பதை நம் மண்ணில் முதலில் சட்டமாக்கியவர்கள் மெட்ராஸ்காரர்கள். இது நம் பள்ளிப் பாடத்தில் இருக்க வேண்டிய செய்தி.

வங்கப் பஞ்சத்துக்குப் பின் 1946-ல் பயிர்ப் பாதுகாப்பு, தொற்றுத்தடுப்பு மற்றும் சேமிப்பு இயக்ககம் உருவானது. உலக அளவில் 1929-ல் ரோமில் ஓர் உடன்படிக்கை எழுதினார்கள், சேர்ந்த நாடுகள் குறைவு. போருக்குப் பிறகு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கீழ் 1951 டிசம்பர் 6-ல் உலகப் பயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை உருவானது. எல்லா நாடும் ஒரே மாதிரிச் சான்றைப் பயன்படுத்த வேண்டும் என்று அதன் இணைப்பில் ஒரு படிவத்தையே அச்சிட்டுக் கொடுத்தார்கள். இன்றைக்குச் சென்னையிலும் தூத்துக்குடியிலும் பெங்களூரிலும் தொற்றுத்தடுப்பு நிலையங்கள் தருவது அந்தப் படிவத்தின் வழித்தோன்றல்தான். 1952-ல் இந்தியாவும் சேர்ந்தது. 1995-ல் உலக வணிக அமைப்பு வந்தபோது இந்தச் சான்றுக்கு வணிகச் சட்ட வலுவும் கிடைத்தது: ஒரு நாடு தடுத்தால் அறிவியல் காரணம் சொல்லியாக வேண்டும்.

மாம்பழத்துக்கு வருவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் 2004 வரை ஒரே மாவட்டம். மாந்தோப்புகளுக்கு அந்த எல்லைக்கோடு இன்னும் தெரியாது. கொல்லையில் ஒரு பழத்தை எடுத்துப் பாருங்கள். தோல் வழவழப்பாக, காம்பு பசுமையாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்கும். கத்தியால் சதையை அறுத்தாலும் சுத்தமாகத்தான் இருக்கும். கொட்டையைப் பிளந்தால் பருப்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் தூள், அதன் நடுவே சாம்பல் பழுப்பில் ஒரு வண்டு மூக்கை மடக்கி உட்கார்ந்திருக்கும். மாங்கொட்டைக் கூன்வண்டு. காய் பிஞ்சாக இருக்கும்போதே தாய் வண்டு தோலில் முட்டை வைத்துவிடுகிறது. பொரிந்த புழு நூல் பருமனில் சதையைத் துளைத்துக் கொட்டைக்குள் போய்விடும். காய் பெருக்கப் பெருக்க அந்த வழி தானே ஆறி மூடிக்கொள்ளும். வெளியே ஒரு தழும்புகூட மிஞ்சாது. பிளான்ஷோன் தோண்டிய அந்த நலமான கொடியின் கதைதான் இங்கேயும்.

விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து, பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. மாதிரிக்குச் சில பழங்களை எடுத்து அறுக்கலாம். அனுப்ப வேண்டிய பழம் முழுவதையும் அறுக்க முடியாது. அமெரிக்கா நம் மாம்பழத்துக்குக் கதவை அடைத்து வைத்திருந்ததற்கு இந்த வண்டும் பழ ஈயும்தான் காரணங்கள். சுமார் 18 ஆண்டுக்குப் பிறகு 2007 ஏப்ரலில் கதவு திறந்தது. பழத்துக்கு 400 கிரே அளவு கதிர்வீச்சுக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த அளவில் வண்டு உடனே செத்துவிட வேண்டும் என்பதில்லை. உயிரோடு போய் இறங்கினாலும் அதனால் இனப்பெருக்கம் செய்ய முடியாது, அது போதும். அமெரிக்க ஆய்வாளர் இங்கே வந்து கண்ணால் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்றும் இருந்தது. கொரோனாக் காலத்தில் அந்த ஆய்வாளர்கள் வர முடியாததால் 2020, 2021 இரண்டு பருவமும் ஏற்றுமதி நின்றே போனது.

ஐரோப்பா கொடுத்த அடி இதைவிடப் பெரிய பாடம். 2013-ல் இந்தியாவிலிருந்து போன 207 காய்கனிச் சரக்குகளில் பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் அகப்பட்டன. சான்றோடு போன சரக்குகளும் அவற்றில் இருந்தன. 2014 மே 1 முதல் மாம்பழம், கத்தரி, பாகல், புடல், சேம்பு ஆகிய ஐந்தையும் ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது. பூச்சியைக் கண்டுபிடித்ததைவிட, நம் காகிதத்தின் மேல் நம்பிக்கை போனதுதான் அவமானம். மாம்பழத்தை 48 டிகிரி வெந்நீரில் 60 நிமிடம் வைத்து, பொதிசெய்யும் கூடங்களை ஒழுங்குபடுத்தி, ஆய்வை இறுக்கிய பிறகு 2015 தொடக்கத்தில் மாம்பழத் தடை நீங்கியது. காய்கறிகள் 2017 வரை காத்திருந்தன. நல்ல தோப்பு வைத்திருந்தவரும் மோசமாக அனுப்பியவரும் ஒன்றாகத்தான் தண்டனை அனுபவித்தார்கள். ஒரு நாட்டின் வாக்கு என்றால் அப்படித்தான், அதில் பங்கு பிரிக்க முடியாது.

அதன் பிறகுதான் தோப்பைப் பதிவு செய்வது, எந்தப் பெட்டி எந்தத் தோப்புப் பழம் என்று கணினியில் பின்தொடர்வது, பழ ஈக்குப் பொறி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது எல்லாம் முறையாக வந்தன. 1881-ல் வேலியோரம் நின்று 20 மீட்டர் அளந்த இடத்துக்கு நாம் சுற்றிவந்து சேர்ந்திருக்கிறோம். இதை நான் மகிழ்ச்சியோடுதான் சொல்கிறேன். வெந்நீர்த் தொட்டியும் கதிர்வீச்சும் தேவைதான். ஆனால் தோப்பில் உதிர்ந்த பழத்தை அன்றன்றைக்குப் பொறுக்கிக் குழியில் புதைப்பவரும், மெத்தில் யூஜினால் பொறியை வாரம் ஒருமுறை பார்த்து ஈயை எண்ணுபவரும் செய்கிற வேலைக்கு அவை ஈடாகா. சான்று அங்கேதான் பாதி எழுதப்படுகிறது.

தருமபுரிப் பக்கத்துத் தோப்புக்காரர்களில் பலருக்கு இந்தச் சான்று கைக்கு எட்டாத பொருளாகவே இருக்கிறது. காரணம் எளிது. இங்கே அதிகம் விளைவது பெங்களூரா என்ற கிளிமூக்கு மாங்காய். அது போவது கூழ் தொழிற்சாலைக்கு. கூழாகக் காய்ச்சி டப்பாவில் அடைத்துவிட்டால் அதில் எந்தப் பூச்சியும் பிழைக்காது என்பதால் ஃபைட்டோ தேவையில்லை. அதற்கு வேறு உணவுத் தரச் சான்றுகள். ஆகவே கூழுக்குக் கொடுப்பவருக்குத் தோப்பில் பூச்சிக் கணக்கு வைக்கும் அவசியம் வரவில்லை. ஆனால் கூழ் விலை சரிந்த ஆண்டுகளில் பழத்தைச் சாலையோரம் கொட்டிவிட்டு நிற்பவரும் அவர்தான். பழமாகவே அனுப்பும் வழி திறந்திருந்தால் ஒரு பிடிமானம் இருந்திருக்கும். அதற்குப் பூச்சி ஆய்வு மையமும் வெந்நீர்ச் சிகிச்சையும் பக்கத்தில் வேண்டும், பூக்கும் பருவத்திலேயே தோப்புக்கு வந்து பார்க்கும் அலுவலர் வேண்டும். அறுவடைக்குப் பிறகு சென்னைக்கோ பெங்களூருக்கோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது ஏற்றுமதி நிறுவனத்தால் ஆகும், நான்கு ஏக்கர் தோப்புக்காரரால் ஆகாது.

கல் ஏற்றுமதிக்கும் இந்தப் பூச்சிக் கட்டுப்பாடு பொருந்தும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். இந்தப் பகுதிக் கிரானைட் பலகைகள் மரச்சட்டத்தில் கட்டி ஏற்றுமதியாகின்றன. அந்த மரத்துக்குள் துளைப்பான் வண்டு இருக்கலாம். அதனால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் காய்ந்திருக்க வேண்டும், அல்லது புகை மூட்டம் கண்டிருக்க வேண்டும். அதற்குச் சான்றாகக் கோதுமைக் கதிர் போட்ட முத்திரையை மரத்திலேயே சுட்டிருப்பார்கள். 2002-ல் வந்த உலக விதி. கல் ஏற்றுமதி செய்பவரும் ஒருவகையில் பயிர்ப் பாதுகாப்புக்காரர்தான்.

நாம் அனுப்பும்போது இந்தச் சான்று தொல்லையாகத் தெரிகிறது. வாங்கும்போது அது இல்லாமல் வந்தது என்ன செய்தது என்பதைக் குச்சிக்கிழங்குக் காட்டில் பார்த்தோம். மரவள்ளி மாவுப்பூச்சி நுனிக் குருத்தில் வெள்ளையாக அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும். கணுக்கள் குறுகி, இலை சுருண்டு கொத்தாகக் குவிந்துவிடும். கிழங்கு பெருக்காது. ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு அது பெரும்பாலும் விதைக்கரணையோடு போகிறது. தெரிந்தவர் கொடுத்தார், கரணை பார்க்க நன்றாக இருந்தது என்று வாங்கி நட்டிருப்பார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்தப் பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து கோடிக்கணக்கானவர்களின் அன்றாட உணவைப் பதம் பார்த்தது. 1981-ல் பராகுவேயில் அதன் இயற்கை எதிரியான ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி கண்டுபிடிக்கப்பட்டது. அதை ஆப்பிரிக்கா முழுக்கப் பரப்பிய பணிக்காக ஹான்ஸ் ஹெரென் 1995-ல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

அதே குளவிதான் நமக்கும் வந்தது. அதுவும் பூச்சிதானே, அதனால் சும்மா கொண்டுவந்து விட்டுவிட முடியாது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் மத்திய அரசிடம் இறக்குமதி அனுமதி பெற்று, மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து 2021-ல் அதைத் தருவித்தது. அடைத்த ஆய்வகத்தில் வளர்த்து, நல்ல பூச்சிகளைத் தொடாது என்று உறுதி செய்த பிறகுதான் வெளியே விட்டார்கள். 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகள் முன்னிலையில் முதல் குளவிகள் திறந்துவிடப்பட்டன. மரவள்ளி போடும் மற்ற மாவட்டங்களுக்கும் வேளாண் பல்கலைக்கழகமும் தோட்டக்கலைத் துறையும் அவற்றைக் கொண்டுபோயின.

இந்த எல்லா வேலைக்கும் சட்ட அடிப்படை இன்னமும் அந்த 1914 சட்டம்தான். 2003-ல் வந்த தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையே அதன் கீழ்தான் நிற்கிறது. அதற்குப் பதிலாக வேளாண் உயிர்ப் பாதுகாப்பு மசோதா ஒன்று 2013-ல் மக்களவையில் அறிமுகமானது. அடுத்த ஆண்டு அவை கலைந்ததும் காலாவதியானது. காப்பித் துருவும் பருத்தி வண்டும் பயமுறுத்திய காலத்தில் சில பக்கங்களில் எழுதிய சட்டத்தை வைத்துக்கொண்டுதான், நாளொன்றுக்கு எத்தனையோ விமானங்களிலும் கன்டெய்னர்களிலும் வந்திறங்கும் செடி, விதை, மரம் எல்லாவற்றையும் சமாளிக்கிறோம். புதுச் சட்டம் வரும்போது, தோட்டத்துக்கு நேரில் போய்ப் பார்க்கும் அலுவலர் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வேண்டும் என்பது அதில் எழுதப்பட வேண்டும். தருமபுரியில் மாமரம் பூப்பது தை, மாசியில். அவர் வர வேண்டிய காலம் அது.